தங்கச்சி வீட்டுக்கு ஹெல்மெட்டோடு முப்பத்தெட்டு கிலோமீட்டர்

புரட்டாசி முதல் புதன்கிழமை, காலை ஐந்தே கால் மணி. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் சைக்கிளை எடுத்தேன். போகிற ஊர் திண்டிவனம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். எனக்கு வயசு அறுபத்தேழு. பஸ்ஸுக்குக் காசில்லாமல் சைக்கிளில் கிளம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் கிளம்பினேன்.

காரணம் என் தங்கச்சி பச்சையம்மா. என்னைவிட ஆறு வயசு சின்னவள். திண்டிவனத்தில் சைக்கிளில் தெருத்தெருவாகப் பூ விற்கிறவள். மாசி மாதம் ஒரு லோடு வண்டி பின்னால் வந்து தட்டிவிட்டது. மண்டையில் இடது பக்கம் ஒன்பது தையல். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அதிலிருந்து இரண்டு காரியம் நின்றுபோயிற்று. ஒன்று, அவள் சைக்கிள். ஹெல்மெட் போட்டால்தான் சாவி என்று அவள் பிள்ளை ஏழுமலை பூட்டி வைத்துவிட்டான். உயிரே போனாலும் போடமாட்டேன் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்று, என்னோடு பேச்சு. ஏழு மாதமாக நான் போன் போட்டால் மருமகள் கையில் கொடுத்துவிடுகிறாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாரிடமும் இறங்கிப்போய் எனக்குப் பழக்கம் கிடையாது.

இந்த முறை போய்விடுவது, அவளைப் பேச வைப்பது, மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவது என்று முடிவு கட்டினேன். வாயால் சொன்னால் கேட்கிறவள் இல்லை. அதனால் எண்ணூற்று ஐம்பது ரூபாய் கொடுத்து வெள்ளை நிறத்தில் ஒரு சைக்கிள் ஹெல்மெட் வாங்கினேன். நான் வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, வேகவைத்துச் சைக்கிளில் வைத்து ரயிலடிப் பக்கம் விற்கிறவள். இருபத்தேழு வருசமாக ஓட்டுகிறேன். தலையில் வெயிலைத் தவிர எதையும் போட்டதில்லை. அப்படிப்பட்ட நானே போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் மிதித்துப் போய் அவள் வாசலில் இறங்கினால் என்ன சொல்லிவிடுவாள், பார்க்கலாம்.

தெருமுனை டீக்கடைக்காரன் முதல் ஆளாகப் பார்த்தான்.

"ஆயா, இன்னா கோலம் இது? ராக்கெட்டு வுடப் போறியா?"

"ஆமாண்டா. உன் பாய்லர்தான் இஞ்சினு. கழட்டிக் குடு."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் மிதித்தேன்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயசில். அதே வருசத்தில்தான் சைக்கிளும் வந்தது. இரண்டையும் இன்றுவரை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். வழியில் வருகிற கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். ரோட்டோரம் வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் ஒரு முழம் இடம் இருக்கிறது. அதுதான் சைக்கிளுக்கு. அந்த ஒரு முழத்திலும் எதிர்ப்பக்கமாக பைக் வருகிறது, மணல் கிடக்கிறது, ஆடு நிற்கிறது.

ஆறு மணிக்கு முண்டியம்பாக்கம். எட்டு கிலோமீட்டர் முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டியதும் பக்கத்தில் ஒரு ஆள் சைக்கிளில் கூடவே வந்தார். நாற்பது வயசிருக்கும். கட்டட வேலைக்குப் போகிறவர். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கும் மஞ்சள் கலர் தொப்பியும் சேர்ந்து ஆடிக்கொண்டு வந்தன. கட்டடத்தில் மேலிருந்து கல் விழுந்தால் தாங்குகிற தொப்பி.

"இருக்குற தொப்பிய ஏம்பா தொங்க வுட்டுக்கினு போற?" என்று கேட்டேன்.

"அது வேலைக்கும்மா. போடலன்னா கேட்டுக்குள்ளயே வுடமாட்டான்."

"ரோட்டுல?"

"ரோட்டுல யாரு கேட்டு போட்டு வெச்சிருக்கான்?" என்றார். கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு அவரே சொன்னார். "மெய்யா சொல்லணும்னா வெக்கம்மா. வூட்டாண்டேர்ந்தே மாட்டிக்கினு வந்தா, நம்ப பசங்க இஞ்சினியர் வரார்னு கூவுவானுங்க."

கை காட்டிவிட்டு இடது பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு விக்கிரவாண்டி. பதின்மூன்று கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய், ஒரு வடை எட்டு ரூபாய். கழுத்து லேசாக வலித்தது, தலையில் ஹெல்மெட் ஆடிக்கொண்டே இருந்தது. ஊரைத் தாண்டும் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் பைக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார். இது வேடிக்கையான இடம். தூரத்தில் வருகிறவன் போலீஸைப் பார்த்ததும் ஓரம் கட்டி, பெட்ரோல் டாங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிறான். போலீஸைத் தாண்டி ஐம்பது அடி போனதும் கழற்றி மறுபடி டாங்க் மேல் வைக்கிறான். டாங்குக்கு அடிபடக் கூடாது என்று அத்தனை அக்கறை.

கையில் மாட்டிக்கொண்டு வந்த ஒருத்தன் அகப்பட்டுக்கொண்டான்.

"சார், கழுத்து வலி சார்."

"கை வலி இல்லியா உனக்கு? இந்த ஆயாவப் பாரு." போலீஸ்காரர் என்னைக் காட்டினார். "மிதிக்கிற சைக்கிளுக்குச் சட்டமே கெடையாது. அது போட்டுக்கினு போவுது. உனக்குச் சட்டம் இருக்குது, நீ முழங்கைல மாட்டிக்கினு வர."

"அதுங்க பசங்க வாங்கிக் குடுத்திருப்பாங்க சார்" என்றான் அவன்.

"எங்க பசங்க வாங்கலப்பா. மல்லாட்ட வித்து நானே வாங்குனது" என்று சொல்லிவிட்டு நான் நிற்காமல் போனேன். அங்கே நின்று பெருமை பேசிக்கொண்டிருந்தால் வெயில் ஏறிவிடும்.

அதற்கு மேல் சுங்கச்சாவடி. சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஓரத்துச் சந்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு நீளமான ரோடு. இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும், நடுநடுவே மனை போட்டு நட்ட கல்லும். ஒரு லாரி போனால் காற்று அந்தப் பக்கம் தள்ளும், அடுத்த லாரி இந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு முறை இறங்கி நின்றேன். முழங்கால் கேட்டது, கொடுத்தேன்.

எட்டே முக்காலுக்குக் கூட்டேரிப்பட்டு. இருபத்தாறு கிலோமீட்டர். மயிலம் போகிற வழி பிரிகிற இடம். நாலு இட்லி நாற்பது ரூபாய். அந்தக் கடையில் ஆறு பேர் பளபளவென்று இறுக்கமான சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவர்கள் சைக்கிள்கள், ஒன்றொன்றும் ஒரு விரலால் தூக்கலாம் போல. சென்னையிலிருந்து திருச்சிக்கு மிதித்துப் போகிறவர்களாம். நேற்று திண்டிவனத்தில் தங்கினார்களாம். ஆறு தலையிலும் ஹெல்மெட்.

அதில் ஒரு பெண், முப்பத்தைந்து வயசிருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஹெல்மெட் ஏன் இவ்ளோ மேல நிக்குது?"

"சும்மாடு வெச்சிருக்கேம்மா."

"என்னது?"

கழற்றிக் காட்டினேன். கூடை சுமக்கிறவர்கள் பாரம் அழுத்தாமல் இருக்கத் துணியை வளையமாகச் சுருட்டித் தலையில் வைப்போமே, அந்தச் சும்மாடு. சைக்கிள் வருவதற்கு முன்னால் இருபது வருசம் கூடை சுமந்த தலை இது. தலைமேல் ஒரு சாமான் ஏறுகிறது என்றால் அடியில் சும்மாடு வேண்டும் என்று கை தானாகவே சுருட்டி வைத்துவிட்டது. ஹெல்மெட்டும் ஒரு சுமைதானே என்று எண்ணினேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. "இது தலைமேல உக்கார்ற சாமான் இல்லம்மா. தலையைச் சுத்திப் பிடிக்கணும்" என்று சொல்லி, சும்மாட்டை எடுத்து என் பையில் வைத்தது. கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே இறக்கிக் கட்டச் சொன்னது. ஹெல்மெட்டைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வரை இழுத்து, தாடைக்குக் கீழே வாரை இறுக்கியது. ஆட்டம் நின்றுபோயிற்று. இருபத்தாறு கிலோமீட்டர் நான் ஆடுகிற குடத்தைச் சுமந்து வந்திருக்கிறேன்.

"நீ எதுக்கும்மா போடுற?" என்று அந்தப் பெண்ணையும் கேட்டேன்.

"போடலன்னா எங்க குரூப்ல சேத்துக்க மாட்டாங்க."

"வீட்டாண்ட பால் வாங்க சைக்கிள்ல போவியே, அப்ப?"

அது திரும்பித் தன் கூட்டாளிகளைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தது. "கடை பக்கத்துலதானேம்மா இருக்கு."

பச்சையம்மா விழுந்ததும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லாமல் கிளம்பினேன். கேட்டுக்குப் பயந்து ஒருத்தர், போலீஸுக்குப் பயந்து ஒருத்தர், குரூப்புக்குப் பயந்து ஒருத்தர். என்னை எடுத்துக்கொண்டால், தங்கச்சியை ஜெயிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறேன். மண்டைக்காகப் போட்ட ஆளை இந்த ரோட்டில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குத் திண்டிவனம். ரயிலடிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. பச்சையம்மா கூடத்தில் உட்கார்ந்து சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பூவைக் கட்டி ஒரு கடைக்குக் கொடுப்பதோடு சரி. தையல் போட்ட பக்கம் முடி அரை விரல் நீளம் வளர்ந்து நட்டுக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். உள்பக்கம் திரும்பினாள்.

"தேவகி, வந்தவங்களுக்குத் தண்ணி குடு."

வந்தவங்களாம். நான் தூக்கி வளர்த்தவள்.

"விழுப்புரத்துலேர்ந்து மிதிச்சுக்கினு வரேன்டி. முப்பத்தெட்டு கிலோமீட்டர்" என்றேன். பூவும் நாரும்தான் நகர்ந்தன. மருமகள் தேவகி தண்ணீர் கொடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேர் நடுவிலும் நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு ஏழுமலை சாப்பாட்டுக்கு வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன் என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனான்.

"பாத்தியாம்மா? பெரிம்மாவே போட்டுக்கினு வந்துட்டாங்க. இனிமே இன்னா பேசுவ?"

பச்சையம்மா நாரைக் கீழே வைத்தாள்.

"உன் ஹெல்மெட்டு எங்கடா?"

"வண்டிலதான் இருக்குது."

"கண்ணாடில மாட்டிக்கினு வந்து நிக்கிற. உன் வண்டிக் கண்ணாடிக்கு இருக்குற மரியாத உன் தலைக்கு இல்ல. எனக்கு மட்டும் புத்தி சொல்ற." அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏழு மாதத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு இது.

"யக்கா, இடிச்சவன் வண்டிக்காரன். பட்டது என் மண்டை. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரும் என்னைக் கேட்டது இன்னா தெரியுமா? தலைல ஒண்ணும் போடாம ஏன் போன? எதிர்வூட்டுக்காரி கேட்டா. இவன் கேட்டான். ஊசி போட வந்தவ கேட்டா. அவன் ஏன் அப்படி ஓட்டுனான்னு ஒருத்தர் வாய்லயும் வரல. மொதல்ல கேட்டது யாரு? நீ. கட்டிலாண்ட வந்து நின்ன. வலிக்குதான்னு கேக்கல. ஏன்டி, தலைல ஒண்ணப் போட்டுக்கினா கொறஞ்சா பூடுவன்னு கேட்ட. அன்னிக்கு நீ போட்டுக்கினு இருந்தியா?"

நான் பக்கத்தில் கிடந்த ஹெல்மெட்டைச் சுவரோரம் தள்ளி வைத்தேன்.

"இப்ப அதை எடுத்து நான் மாட்டிக்கினா, அன்னிக்குத் தப்பு என்னுதுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாதிரி. நான் ஓரமாத்தான் போனேன். போடமாட்டேன்."

சொன்னது நான்தான். எந்தப் பக்கம் நின்று சொன்னேன் என்பதுகூட ஞாபகம் வந்தது. ரத்தம் தோய்ந்த கட்டைப் பார்த்த பயத்தில் சொன்னேன் என்று இப்போது ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்குச் சமாதானம் சொல்ல நன்றாகவே வரும். ஆனால் அவள் கேட்ட கடைசிக் கேள்விக்கு அதில் இடம் இல்லை. போன் வந்த அன்றைக்கு நான் வெறும் தலையோடுதான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"தப்பு என்னுதுடி" என்றேன். இந்த வார்த்தை என் வாயில் அதிகம் புழங்காததால் சத்தமாக வந்துவிட்டது. அடுப்படியில் தேவகி எட்டிப் பார்த்தாள். "அவனைக் கேக்க வேண்டியதை உன்னைக் கேட்டுட்டேன்."

பச்சையம்மா நாரை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "சோறு துன்னுட்டுப் படு. முழங்கால் வீங்கிக் கெடக்குது" என்றாள்.

மாலை நாலரை மணி. வெயில் சாய்ந்ததும் பச்சையம்மா கொடியில் இருந்த துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் கையை நீட்டினாள்.

"சாவி குடு."

"போட்டுக்கினாத்தான்னு சொன்னேன்ல."

"ஒரே ஒரு தரம்டா. அடிபட்ட எடத்துக்கு எப்படிப் போனேனோ அப்படியே போய் வரணும். நான் ஒழுங்காத்தான் ஓட்டுனேன். அது எனக்குத் தெரியணும்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று பார்த்தான். அவள் தலையில் ஹெல்மெட் ஏற்றத்தான் நான் முப்பத்தெட்டு கிலோமீட்டர் வந்தேன். தையல் போட்ட அந்த அரை விரல் முடி என் கண்ணெதிரே நட்டுக்கொண்டு நின்றது. ஆனால் போடு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லித்தான் அவளை மூலையில் உட்கார வைத்தோம்.

"குடுடா" என்றேன். "நான் பின்னால போறேன். எந்த வண்டி வந்தாலும் என்னைத் தாண்டித்தான் அவளாண்ட போவணும்."

இரண்டு சைக்கிள் கிளம்பின. முன்னால் அவள், வெறும் தலை. இருபது அடி பின்னால் நான், இறுக்கிக் கட்டிய வெள்ளை ஹெல்மெட். முதல் கொஞ்ச தூரம் அவள் ஹேண்டில் ஆடியது. ரோடுகள் சேருகிற கூட்ரோட்டைத் தாண்டியதும் நேரானது. பெரிய ரோட்டில் ஏறினோம். நான் வேண்டுமென்றே வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட்டினேன். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. நான் வலது கையை நீட்டி, அந்தப் பக்கமாகப் போ என்று காட்டினேன். லாரிக்காரன் ஒதுங்கிக் கடந்து போகையில் தலையை வெளியே நீட்டினான்.

"ஏ கெழவி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

"சொல்லிக்கினுதாண்டா வந்தேன். நீ சொல்லிக்கினு வந்தியா?"

முன்னால் பச்சையம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அந்த இடத்தில் ஒரு பஞ்சர் கடையும் அதற்கு எதிரில் செங்கல் அடுக்கும் இருக்கிறது. வேறு ஒரு அடையாளமும் இல்லை. அவள் நிற்கவில்லை, திரும்பவில்லை. கோட்டுக்கு இடது பக்கம் நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டே இருந்தாள். செங்கல் அடுக்கைத் தாண்டி நூறு அடி போய்த்தான் இறங்கினாள்.

"பாத்தியா யக்கா? கோட்டுக்கு இந்தாண்டதானே வந்தேன்?"

"இந்தாண்டதான். ஒரு விரல்கூட மீறல."

"அன்னிக்கும் இப்படித்தான் வந்தேன்."

"இப்படித்தான் வந்திருப்ப. அவன்தான் உள்ள வந்துட்டான்."

புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ரோட்டில் போகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு வேன் கோட்டை உரசிக்கொண்டு போயிற்று. பிறகு கையை நீட்டினாள்.

"குடு அதை."

நான் கழற்றிக் கொடுத்தேன். தழும்பு இருக்கிற பக்கம் உறுத்தாமல் வாரைத் தளர்த்தி, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு, அந்தச் சென்னைப் பெண் எனக்குச் செய்தது போலவே கட்டிவிட்டேன்.

"நான் தப்பு பண்ணேன்னு இதைப் போடல" என்றாள். "இவனுங்க ஓட்றதப் பாத்துட்டுப் போடறேன். ஏழுமலைகிட்டயும் இப்படியே சொல்லு."

திரும்பி வரும்போது அவள் ஹெல்மெட்டோடு, நான் வெறும் தலை. இருபத்தேழு வருசம் இப்படித்தான் ஓட்டினேன். அன்றைக்குத்தான் உச்சந்தலையில் காற்றுப் பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் தோள் தூக்கிப்போட்டது.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. கிளம்புகிறேன் என்று ஹெல்மெட்டைக் கேட்டேன். அது அங்கே இல்லை. விடிகாலையே பூக்கூடையைக் கட்டிக்கொண்டு, அதையும் மாட்டிக்கொண்டு பச்சையம்மா வியாபாரத்துக்குப் போய்விட்டாளாம். தேவகி சிரித்துக்கொண்டே சொன்னாள். "பெரிம்மா, தையல் போட்ட தலை என்னுது, யக்காவ பஸ்ல போவச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அது இல்லாமல் நெடுஞ்சாலையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் போக எனக்கு இனிமேல் மனசு வராது. சைக்கிளை அவர்கள் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கிலோமீட்டர் கற்கள் எழுத்துக்கூட்டுவதற்குள் ஓடிப்போயின. நேற்று நாலு மணி நேரத்துக்கு மேல் மிதித்த ரோடு, மேலே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. ஓரத்தில் போகிற சைக்கிள்காரர் தலை பஸ் சக்கரத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பதும் மேலே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

விக்கிரவாண்டி தாண்டும்போது போன் அடித்தது.

"யக்கா, நாந்தான். ரெண்டு தெரு முடிச்சுட்டேன். ஒரு வூட்டம்மா என்னைப் பாத்து பார்சல் யாருக்குன்னு கேக்குறா. கொரியர்க்காரன்னு நெனச்சுட்டா. பூவுன்னு கூவுனப்புறம்தான் குரல வெச்சுக் கண்டுபுடிச்சா. இன்னொருத்தி இல்ல, அந்தப் பச்சைக் கேட்டு வூட்டுக்காரி, அவ இன்னா சொன்னான்னு கேளு..."

கேட்டேன். பச்சைக் கேட்டு வீட்டுக்காரி முடிந்து, எதிர்வீட்டுக்காரி முடிந்து, சித்திரையில் நடந்த கல்யாணம், ஆடியில் வந்த சண்டை என்று ஏழு மாதமும் வரிசையாக வந்தது. முண்டியம்பாக்கம் போயிற்று. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வந்தது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆயா, எறங்கு. வண்டி டெப்போவுக்குப் போவுது."

"இருப்பா" என்றேன். "என் தங்கச்சி பேசிக்கினு இருக்குறா."